வித்திலா வாழையின் வரலாறு

மங்கலச் செயல் எதுவாயினும் வாயிலின் இருமருங்கும் குலையீன்ற வாழையை நிறுத்துதல் நம் நாட்டு வழக்கு. விருந்திற்கு இலையாகவும், கறிக்குக் காயும் பூவும் தண்டுமாகவும், பூசைக்குக் கனியாகவும், மலர் தொடுப்பார்க்கு நாராகவும் தன் உறுப்பு ஒன்றும் வீண்போகாதபடி உதவுவது வாழை. மணமக்களை வாழ்த்தும் முதியோர் 'வாழையடி வாழையாகத் தழைக்க' என்பர். இவ்வாழ்த்தைப் பலகாலும் கேட்கின்றோம். அதனுள் அடங்கிய பொருளை ஆராய்வார் சிலரே. நெல்லும் கேழ்வரகும் வித்தினால் பெருகுவன. நாம் உண்ணும் வாழையோ அடியிற் கிளைக்கும் கன்றினாலன்றிப் பெருகுவதில்லை. கன்று பெயர்த்து நடுவார் உள்ளவரையில் ஓரினம் உண்டு; நடுவார் சோர்ந்தவிடத்து அவ்வினம் இல்லை. ஆகவே, இன்று நம் இலையில் விழும் ஒவ்வொரு பழமும், பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரு கை விடாது மற்றொரு கைக்குக் கொடுத்து வந்த பொருளாம். அக்கொடை எவ்வாறு தொடர்ந்தது, எங்கே அறுந்தது, இனி அறாதிருக்கச் செய்யத்தக்கது யாது என்பனவற்றை ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுவாம்.

பிறப்பு

மரமென்று வழங்கினும் வாழை மரமன்று, அது பெரும்பூண்டு. தண்டெனத் தோன்றுவது ஒன்றன்மேலொன்றாகப் பொதிந்த மட்டைகளின் திரளே. உண்மைத் தண்டு மண்ணினுள் கிழங்காய்க் கிடக்கும். காட்டில் தானே வளரும் வாழையின் காயைப் பிளந்தால், மிளகினும் பருத்த கடிய வித்துக்களே நிறைந்திருக்கும். சதை மிகச் சிறிது. அக்காட்டு வாழைகளுள், மூசா அக்கியூமினேட்டா, மூசா பால்பிசியானா என நூலோர் பெயரிட்ட இரண்டே, நாம் உண்ணும் இனங்களிற் பெரும்பாலனவற்றுக்குத் தாயும் தந்தையும் ஆவன. முன்னது நியூகினி, மலேயா, இந்தோனேசியா முதலிய நாட்டுக் காடுகளிற் பரந்தது. பின்னது இந்தியாவின் கீழ்ப்பகுதி தொடங்கித் தென்சீனம் வரையில் வளர்வது. வறட்சியைத் தாங்கும் வன்மை உடையது.

எப்பொழுதோ எவரோ, காட்டு வாழைகளுள் வித்துக் குறைந்து சதை மிகுந்ததொன்றைக் கண்டு, அதன் கன்றைத் தம் குடிசையருகே நட்டனர். நியூகினித் தீவில் கூக் என்னும் சதுப்பு நிலத்தில், ஏறத்தாழ 7,000 ஆண்டுகட்கு முன்னரே மக்கள் வாழையைப் பயிரிட்டமைக்குச் சான்றுகள் மண்ணடுக்குகளில் அகப்பட்டுள்ளன. அவ்விடம் 2008-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றது. கடலோடிகள் ஒரு தீவின் கன்றை மற்றொரு தீவிற்குக் கொண்டுசெல்ல, ஆண்டுள்ள இனத்தோடு அது கலந்தது. அக்கலப்பிற் பிறந்தவற்றுட் சில மலடாயின. காட்டு வாழையின் உயிரணுவில் குரோமோசோம்கள் 22. நாம் உண்ணும் வாழைகளிற் பெரும்பாலனவற்றில் 33. இரண்டு பங்காக நிற்கவேண்டியது மூன்று பங்காக நின்றமையால் வித்துக் கட்டுவதில்லை; வித்தில்லாமலே காய் பருத்துக் கனிகின்றது. உண்பார்க்கு இஃது இனிமை. வாழைக்கோ தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் வன்மையின் இழப்பு. அன்று முதல் வாழையின் வாழ்வு மனிதன் கையில் அடைக்கலமாயிற்று.

நம் நாட்டில் வாழை தொன்மையானது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு, தலைவியும் தோழியும் கொய்து குவித்த மலர்களை எண்ணுமிடத்து வாழைப்பூவையும் உடன் வைத்து எண்ணுகின்றது. திங்களூரில் அப்பூதியடிகள் இல்லத்தில் திருநாவுக்கரசர்க்கு அமுது படைக்க இலை அரியச் சென்ற மைந்தனை அரவு தீண்டிய வரலாற்றைப் பெரியபுராணம் கூறும். வீட்டுக் கொல்லையில் வாழை வைத்து ஓம்பும் வழக்கின் பழமைக்கு அதுவும் ஒரு சான்று.

பெயரும் இலக்கணமும்

ஊர்தோறும் வாழைக்குப் பெயர் வேறு. தமிழ்நாட்டிற் பூவன் என்று வழங்குவது மலையாள நாட்டில் பாளையங்கோடன் எனப்படும். அந்நாட்டின் தென்பகுதியிற் பூவன் என்றால் நம் ரஸ்தாளியையே குறிக்கும். கன்னடத்தார் ஏலக்கி என்பதை மலையாளத்தார் ஞாலிப்பூவன் என்பர். ஒரு பொருட்குப் பல பெயரும், பல பொருட்கு ஒரு பெயரும் வழங்குதலை நிகண்டு கற்றார் நன்கறிவர். இம்மயக்கத்தை நீக்க நார்மன் சிம்மண்ட்ஸ், கென் ஷெப்பர்டு என்னும் இருவர் 1955-ஆம் ஆண்டில் ஓர் இலக்கணம் வகுத்தனர். தண்டின் நிறம், இலைக்காம்பின் பள்ளம், பூமடலின் வடிவம் முதலாகப் 15 அடையாளங்களைக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிட்டு, எவ்வினத்தில் எத்தாயின் பங்கு எவ்வளவு எனக் காட்டினர். அக்கியூமினேட்டாவின் பங்கை 'ஏ' என்றும், பால்பிசியானாவின் பங்கை 'பி' என்றும் குறித்தனர்.

அம்முறைப்படி நோக்கின் செவ்வாழையும் பச்சைப்பழமும் முழுதும் 'ஏ' உடையன. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், விருப்பாட்சி, சிறுமலை ஆகியன இருபங்கு 'ஏ'யும் ஒருபங்கு 'பி'யும் உடையன. மொந்தன், பேயன், கற்பூரவல்லி ஆகியன ஒருபங்கு 'ஏ'யும் இருபங்கு 'பி'யும் உடையன. கன்னியாகுமரிப் பகுதியின் மட்டி, மூன்று பங்காகாது இருபங்கு 'ஏ' மட்டும் உடைய பழைய நிலையில் உள்ளது. உலகெங்கும் வழங்கும் இனங்கள் ஆயிரத்திற்கு மேற்பட்டன என்பர். அவற்றுள் இருதாய்க் கலப்பினங்கள் பல்கிய நாடுகளுள் நம் நாடு முதன்மையானது.

ஏடும் கன்றும்

வாழையின் வழிமுறையை விளக்க எமக்கு நெருங்கிய உவமை ஒன்று உண்டு. திருமடத்துக் கல்விச்சாலையில் யாம் பயின்ற நாளில், ஏட்டுச்சுவடிகளின் இயல்பை ஆசிரியர் எடுத்துரைப்பார். பனையோலை நெடுங்காலம் நில்லாது. செல்லும் பூச்சியும் அரிப்பதற்கு முன்னே அதனைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதிவைத்தல் வேண்டும். எழுதுவார் ஒரு தலைமுறை ஓய்ந்தால் நூல் மறையும். மறைந்த தமிழ் நூல்களிற் பல, பகைவர் அழித்தமையாலன்று, படியெடுப்பார் இன்மையாலேயே மறைந்தன.

வாழைக்கன்றும் அத்தகையதே. அது தாயின் நேர்ப்படி. எழுதுவோர் கைப்பிழையாற் பாடபேதம் தோன்றுமாறு போலக் கன்றிலும் எப்பொழுதேனும் ஒரு வேறுபாடு தோன்றும். செவ்வாழைத் தூரிற் சிலபொழுது பச்சைக் காய் காய்க்கும் கன்று கிளைத்தல் இதனால். மக்கள் அவ்வேறுபாட்டை விரும்பிப் பிரித்து நட்டால் புதிய இனம் ஒன்று நிலைபெறும். விரும்பாது வெட்டினால் அது தோன்றிய சுவடின்றி ஒழியும். இவ்வாறு கண்டெடுத்த வேறுபாடுகளும் பண்டைக் கலப்புக்களுமே நம் இனங்கள் அனைத்தும்.

நிற்க. ஓரிடத்து ஒரு சுவடி மட்டும் இருந்து அவ்விடம் தீப்பற்றின் என்னாம்? ஒரே பாடத்தை எங்கும் பரப்பி, ஏனைய பாடங்களைப் போற்றாது விட்டபின் அப்பாடத்திலேயே குற்றம் இருப்பது தெரியவரின் என்னாம்? மேனாட்டு வாழை வாணிகத்தின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடை கூறும்.

ஓரினம் ஆண்ட காலம்

1516-ஆம் ஆண்டில் தொமாஸ் தெ பெர்லாங்கா என்னும் பாதிரியார் கானரித் தீவுகளிலிருந்து வாழைக்கன்றுகளைச் சாந்தோ தொமிங்கோவிற்குக் கொண்டுசென்றார் என்பது வரலாறு. அமெரிக்க நாடுகளில் வாழை பரவியதற்கு அது முதற்படி. பின்னர்த் தென்கிழக்காசியாவிலிருந்து மார்த்தினிக் தீவிற்குச் சென்றிருந்த குரோ மிஷேல் என்னும் இனம், 1835-ஐ ஒட்டி ஜமைக்காவை அடைந்தது. அதன் தோல் தடித்தது, தார் நெருங்கியது, கப்பலில் அடுக்கினும் கன்றாதது, மெல்லப் பழுப்பது. 1870-இல் லொரன்சோ பேக்கர் என்னும் கப்பல் தலைவர் ஜமைக்காவிலிருந்து வாழைத்தார்களை வட அமெரிக்காவிற் கொண்டுபோய் விற்று ஊதியம் கண்டார். அது முதல் நடு அமெரிக்கக் காடுகள் அழிந்து, இருப்புப்பாதைகள் தோன்றி, அடிவானம் வரையில் அவ்வோரினமே நிரைநிரையாக நின்றது. நிற்பன இலக்கக்கணக்கானவாயினும் யாவும் ஒரே செடியின் படிகள்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1874-இல் ஜோசப் பாங்கிராப்ட் என்பார் ஒரு வாழைநோயைக் கண்டு குறித்திருந்தார். அந்நோய் பற்றிய இனம் நம் ரஸ்தாளியின் குடியைச் சேர்ந்ததே. 1890-இல் கோஸ்டாரிகாவிலும் பனாமாவிலும் அந்நோய் காணப்பட்டு, பனாமா வாடல் எனப் பெயர் பெற்றது. மண்ணில் வாழும் பூசணம் ஒன்று வேர்வழி புகுந்து நீர் செல்லும் குழல்களை அடைக்கும். அடியிலைகள் மஞ்சளித்து மட்டை ஒடிந்து தண்டைச் சுற்றித் தொங்கும். கிழங்கை அரிந்தால் செம்பழுப்பு நிறக் கீற்றுக்கள் தோன்றும். மருந்தால் தீர்வதில்லை. செடி ஒழிந்த பின்னரும் பல பத்தாண்டுகள் பூசணம் மண்ணிலேயே கிடக்கும். ஒரு செடி தாங்காதாயின் அதன் படியான மற்றொன்றும் தாங்காது. கும்பினியார் பழைய தோட்டங்களைக் கைவிட்டுப் புதிய காடுகளைத் திருத்தினர், நோயும் பின்தொடர்ந்தது. 1922-இல் டிரினிடாடிலும் 1924-இல் ஜமைக்காவிலும் நோய் தாங்கும் புதிய இனத்தை உண்டாக்கும் முயற்சிகள் தொடங்கின. மலட்டு வாழையில் மகரந்தம் தூவி வித்துப் பெறுதல் அரிது. முயற்சி பல பத்தாண்டு நீண்டது. 1960-களில் குரோ மிஷேல் பெருவாணிகத்தினின்றும் நீங்கியது.

அதன் இடத்தை நிரப்பியது அறிஞர் புதிதாக உண்டாக்கிய இனமன்று என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். தென்சீனத்தில் வழங்கிய பழைய வாழை ஒன்று மொரீசியசு வழியாக 1829-இல் இங்கிலாந்து சேர்ந்தது. டெவன்ஷயர் கோமகனாகிய வில்லியம் காவெண்டிஷ் என்பாரின் சாட்ஸ்வர்த் மாளிகையில், ஜோசப் பாக்ஸ்டன் என்னும் தோட்டத் தலைவர் அதனைக் கண்ணாடி வீட்டில் வளர்த்து 1836-இல் கனி பெற்றார். அக்கோமகன் பெயரே அக்குடிக்கு நிலைத்தது. அங்கிருந்து கிறித்துவத் தொண்டர் ஜான் வில்லியம்சு வழியாகச் சமோவாத் தீவிற்கும் கன்று சென்றது. இக்குடியின் இனங்களை ஆசியாவிலும் தீவுகளிலும் மக்கள் தத்தம் தேவைக்கு வைத்து ஓம்பி வந்தனர். அவை பனாமா வாடலைத் தாங்கும் என எண்ணி எவரும் அவற்றைக் காத்திலர். ஆயினும் காக்கப்பட்டிருந்தமையால் வேண்டிய நாளில் அவை உதவின. குரோ மிஷேலின் வீழ்ச்சியில் வாழை வாணிகம் மடியாது பிழைத்தது, பெயரறியா மக்கள் கன்று நட்ட புண்ணியத்தாலேயாம்.

மீண்டும் அதே பிழை

இவ்வரலாற்றினின்றும் கற்கத்தக்கதை வாணிக உலகம் கற்றிலது. ஓரினம் போனவிடத்து மற்றோரினத்தை அவ்வாறே எங்கும் நிரப்பியது. இன்று உலகில் விளையும் வாழையில் ஏறத்தாழப் பாதி காவெண்டிஷ் குடியினது. கடல் கடந்து விற்கும் பழமோ ஏறக்குறைய முழுவதும் அதுவே. நம் சந்தைகளில் ஜி-9 எனப்படும் கிராண்ட் நைனும், பச்சைப்பழம் எனப்படும் ரொபஸ்டாவும் அக்குடியின் பாடபேதங்களே.

1960-களின் இறுதியில் தைவான் தீவிற் காவெண்டிஷ் வாழைகளும் வாடத் தொடங்கின. அதே பூசணத்தின் புதிய வகை ஒன்று தோன்றியிருந்தது. நூலோர் அதனை வெப்பமண்டல நான்காம் வகை என்பர். அது 1990-களிற் தென்கிழக்காசியாவிற் பரவிற்று. 2013-இல் மொசாம்பிக்கிலும் ஜோர்தானிலும் காணப்பட்டது. 2019-இல் கொலம்பியாவிலும், 2021-இல் பெருவிலும் புகுந்தது. நம் நாட்டிலும் 2015-ஐ ஒட்டிப் பீகாரிலும், பின்னர் உத்தரப் பிரதேசத்திலும் ஜி-9 தோட்டங்களில் அது வெளிப்பட்டது. 1960-களிற் பீஜித் தீவில் முதலிற் கண்ட கருஞ்சிகடோகா என்னும் இலைநோயும் காவெண்டிஷை விடவில்லை. அதனைத் தடுக்கச் சில நாட்டுத் தோட்டங்களில் ஆண்டிற்கு ஐம்பது முறை வரையில் மருந்து தெளிக்கின்றனர். அம்மருந்தில் நனைவது வாழை மட்டுமன்று. உழைப்பார் உடம்பும் ஓடும் நீரும் உடன் நனைகின்றன.

பயனிலா வாழையின் பயன்

இனி, அறிஞர்கள் புகலிடமாக நாடுவது எதனை எனின், உண்ணத் தகாத காட்டு வாழையையும் ஒதுங்கிக் கிடந்த ஊர் வாழையையுமே. கல்கத்தா நகர்த் தாவரத் தோட்டத்தில் வித்து நிறைந்த காட்டு வாழை ஒன்று நின்றது. சந்தையில் அதற்கு ஒரு காசும் விலையில்லை. கருஞ்சிகடோகாவைத் தாங்கும் வன்மை அதனிடம் இருத்தலை அறிந்தபின், 'கல்கத்தா 4' எனப் பெயர் பெற்று, ஆப்பிரிக்க நாட்டு மக்களின் உணவு வாழைகளைத் திருத்துதற்குத் தந்தையாயிற்று. ஹொண்டுராஸ் நாட்டில் 1980-களில் உருவாக்கிய எப்.எச்.ஐ.ஏ-01 என்னும் இனம் அவ்விலைநோயையும் பனாமா வாடலின் பழைய வகையையும் தாங்குவது. அதன் தாய் பிரேசிலில் வழங்கும் குள்ளப் பிராத்தா. அப்பிராத்தாவும் நம் விருப்பாட்சியும் சிறுமலையும் ஒரு குடியின. மலேயாக் காட்டு வாழை ஒன்றன் மரபணுவைக் காவெண்டிஷிற் சேர்த்து நான்காம் வகை வாடலைத் தாங்கச் செய்த இனத்திற்கு 2024-இல் ஆஸ்திரேலிய அரசு உரிமம் வழங்கியது. இம்முறையை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். அவ்வழக்கில் யாம் புகுவதிலம். ஏற்கினும் மறுப்பினும், அவ்வன்மை காட்டில் நின்ற ஒரு செடியிலிருந்தே வந்தது என்பதில் ஐயமில்லை. அச்செடி முன்னரே அழிந்திருப்பின் கூடத்தில் அதனைப் படைக்க வல்லார் யாவர்?

பயன் தெரியாத ஒன்றைப் பயனற்றது என்று முடிவு கட்டுதல் அறிவுடைமையன்று என்பதை வாழை இவ்வாறு நமக்கு உணர்த்துகின்றது.

காவற்கூடங்கள்

வித்துடைய பயிர்களைக் காத்தல் எளிது. வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவில் 2008-இல் திறந்த பனிக்கிடங்கில் இலக்கக்கணக்கான வித்து வகைகள் உறங்குகின்றன. நாம் உண்ணும் மலட்டு வாழைக்கு அங்கு இடமில்லை, வைக்க வித்தில்லை. ஆதலின் பெல்ஜியம் நாட்டு லூவன் பல்கலைக்கழகத்தில் 1985-ஆம் ஆண்டில் வாழைக்கென அனைத்துலகக் காப்பகம் ஒன்றை நிறுவினர். வாழையே விளையாத குளிர்நாட்டில் அதனை வைத்தமைக்குக் காரணம், வாழை நோய்கள் அங்கு இல்லாமையே. அங்கே 1,500-க்கு மேற்பட்ட இனமாதிரிகள், கண்ணாடிக் குழாய்களில் விரல்நுனியளவு செடிகளாக, 16 பாகை வெப்பத்தில், மங்கிய ஒளியில், மெல்ல வளர்கின்றன. ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் பகுத்துப் புதிய குழாய்க்கு மாற்றவேண்டும். குழாயில் நெடுங்காலம் வளரும் செடியில் பிழை புகுதலும் உண்டாதலின், சில ஆண்டுகட்கு ஒருமுறை மண்ணில் நட்டுக் குலை தள்ளச் செய்து பழைய இலக்கணத்தோடு ஒப்புநோக்குகின்றனர். நம் சுவடி ஆராய்ச்சியார் படியை மூலத்தோடு ஒத்துப்பார்க்கும் தொழிலே இது. மற்றும், வளர்நுனியைத் துண்டித்துத் திரவ நைட்ரஜனில், நீர் உறையும் நிலைக்கும் 196 பாகை கீழான குளிரில் இட்டுவைக்கும் முறையும் கைவந்துள்ளது. அந்நிலையில் நுனி வளராது, மாறாது, உயிர்விடாது கிடக்கும்.

நம் நாட்டில் இத்தொழிலுக்கு நடுவிடம் திருச்சிராப்பள்ளி. ஆங்கு 1993-இல் தோன்றிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 400-க்கு மேற்பட்ட இனங்களை நிலத்திலேயே நட்டு ஓம்பி வருகின்றது. நிலத்தில் காத்தலின் நன்மை, செடியைக் கண்ணாற் கண்டு, குலையை ஆராய்ந்து, பழத்தைச் சுவைத்து அறியலாம் என்பது. அதன் குறை, புயலும் பூச்சியும் நோயும் அங்கும் வரும் என்பது. குழாயில் காத்தலின் குறை, மின்னாற்றலும் பொருளும் பயின்ற கையும் என்றும் வேண்டும் என்பது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புதலால் இரண்டும் வேண்டும். இரண்டுடன் மூன்றாவதாக ஒன்று உண்டு. அஃதாவது மக்கள் தம் கொல்லையில் வைத்துக் காத்தல். முன்னைய இரண்டும் நேற்றுத் தோன்றின. மூன்றாவது 7,000 ஆண்டாக நடந்து வருவது. இப்பொழுது தளர்ந்து வருவது அதுவே.

நம் கண்முன் நிகழ்ந்தவை

பழனி மலைச் சாரலில் காப்பித் தோட்ட நிழலில் விளையும் விருப்பாட்சி வாழை, பழனிப் பஞ்சாமிர்தத்திற்குத் தொன்றுதொட்டு உரியது. நீர்ப்பசை குறைந்து மணம் மிகுந்ததாதலின், அப்பழத்தாற் செய்த அமுது எளிதிற் கெடாது. 1889-இல் பீஜித் தீவில் முதலிற் குறித்த முடிக்கொத்து நோய் 1913-இல் இலங்கையிற் காணப்பட்டு, 1940-ஐ ஒட்டி நம் தென்னாட்டிற் புகுந்தது. இலைகள் குறுகி நுனியிற் கொத்தாக நிற்கும், குலை தள்ளாது. அசுவினி என்னும் சிறு பூச்சியும், நோயுற்ற தாயினின்று பெயர்த்த கன்றும் அதனைப் பரப்பும். 1970-களில் அந்நோய் பழனி மலை வாழைத் தோட்டங்களைப் பெரும்பாலும் அழித்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நச்சுயிர் நீங்கிய திசு வளர்ப்புக் கன்றுகளை உண்டாக்கி அளித்தமையால் அவ்வினம் மறையாது மீண்டது. 2008-இல் விருப்பாட்சியும் சிறுமலையும் புவிசார் குறியீடு பெற்றன. 2023-இல் கன்னியாகுமரி மட்டியும் பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். செடியைக் காப்பது கையே.

எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றையும் கூறுதல் பொருந்தும். எம் பாட்டனார் கொல்லையில், கிணற்று நீர் செல்லும் வாய்க்காலோரம் பூவன், பேயன், மொந்தன், ரஸ்தாளி என நான்கு குடிகள் நின்றன. பேயன் குழந்தைகளுக்கு, மொந்தன் கறிக்கும் இலைக்கும், பூவன் பூசைக்கு, ரஸ்தாளி விருந்திற்கு. எம் இளமையில் ஓராண்டு ஆடித் திங்களில் ரஸ்தாளி மஞ்சளித்து மடிந்தது. பாட்டனார் அவ்விடத்திலேயே வேறூர்க் கன்று வாங்கி நட்டார்; அதுவும் மடிந்தது. மண்ணே நஞ்சானதை அந்நாளில் எவரும் அறிந்திலேம். பின்னர் வீடு இடித்துக் கட்டியபோது ஏனைய மூன்றும் போயின. பல்லாண்டு கழித்துப் பேயன் கன்று வேண்டி யாம் சந்தைதோறும் உசாவியும் கிடைத்திலது. முடிவில், அத்தை ஒருவர் வாழ்ந்த ஊரில், அவர் கொல்லையிலிருந்து கிடைத்தது. அவர் மணமாகிச் சென்றபோது எம் பாட்டியார் சீர்ப்பொருளோடு ஒரு பேயன் கன்றையும் சாக்கிற் சுற்றிக் கொடுத்தனுப்பினாராம். அக்கன்றின் வழிவந்ததே இன்று எம் வீட்டில் நிற்பது. கொடுத்தது நின்றது, கொடாது வைத்துக்கொண்டது போயிற்று.

யார் கடன்?

இங்கு ஒரு தடை எழும்: 'உழவன் விலைபோகும் பொருளையன்றோ பயிரிடுவான்? மூன்று கோடி டன்னுக்கு மேல் வாழை விளைவித்து உலகில் முதலிடம் பெற்ற நாடு நம் நாடு. அதற்கு ஜி-9 உதவவில்லையோ?' எனின், உதவியது உண்மை. வாங்குவார் ஒரே அளவும் ஒரே நிறமும் வேண்ட, கடன்பட்ட உழவனை நோக்கி 'நீ பேயனை நடுக' என்றல் அறமாகாது. ஆதலின், விலையை எதிர்பாராது நடக்கூடியவர் எவரோ அவரே இக்கடனுக்கு உரியர். அவர் திருக்கோயில் நந்தவனத்தார், திருமடத்தார், கல்விச்சாலையார், கொல்லையுடைய இல்லறத்தார் ஆகியோர்.

இக்கடன் நமக்குப் புதியதன்று என்பதற்குத் திருப்பைஞ்ஞீலி சான்று. கொள்ளிடத்தின் வடபால், திருச்சிராப்பள்ளியை அடுத்துள்ள அப்பதி மூவர் பாடலும் பெற்றது. ஞீலி என்பது ஒருவகை வாழை; அதுவே தலமரம்; அதனாலேயே ஊருக்கும் பெயர். அவ்வாழையின் கனியை மக்கள் உண்பதில்லை. விற்பதற்கில்லை, விருந்திற்கில்லை; எனினும் தலைமுறை தலைமுறையாக அதன் கன்று நடப்பட்டு வருகின்றது. திருக்கழுக்குன்றத்திற்கும் வாழையே தலமரம். உண்ணாத வாழையை ஏன் காத்தனர் எனின், அது தமக்கு உரியதன்று, இறைவனுக்கு உரியது என்று கருதினமையால். தன் வயிற்றுக்கு உதவாததையும் காக்கவேண்டும் என்னும் நெறியை, மரபணுவைப் பற்றிய நூல்கள் தோன்றுதற்குப் பன்னூறாண்டு முன்னரே ஒரு கோயில் கைக்கொண்டிருந்தது. அத்திருக்கோயிலுக்குச் சிறு தொலைவிலேயே இன்றைய ஆராய்ச்சி மையமும் அமைந்திருத்தல் தற்செயலாயினும் எண்ணி மகிழத்தக்கது.

செய்யத்தக்கன சிலவே. தத்தம் ஊரில் அருகி வரும் வாழை எது என்பதை முதியோரிடம் கேட்டறிக. அதன் நல்ல கன்று ஒன்றை நடுக. நோயுற்ற தூரினின்று கன்று பெயர்த்தலும் கொடுத்தலும் தவிர்க. அன்பினால் கொடுக்கும் கன்றே முடிக்கொத்து நோயையும் கொண்டுசெல்லும் என்பதை மறவற்க. ஐயமுண்டாயின் ஆராய்ச்சி மையத்தாரை அணுகி நோய் நீங்கிய கன்று பெறுக. தழைத்தபின் அடுத்த வீட்டிற்கு ஒன்றும், அடுத்த ஊருக்கு ஒன்றும், மணமாகிச் செல்லும் மகளுக்கு ஒன்றும் கொடுக்க. பெயரும் பயனும் இளையோர்க்குச் சொல்லிவைக்க.

குலை ஈன்ற வாழை தான் சாயும்; சாயுமுன் அடியிற் கன்றை விட்டே சாயும். தன் பங்கை அது செய்துவிட்டது. அக்கன்றைப் பெயர்த்து நடுதல் நம் பங்கு. வாழையடி வாழை என்று பிறரை வாழ்த்தும் நாம், அவ்வாழ்த்துக்குப் பொருளான வாழையையும் அவ்வாறே வாழச் செய்வோமாக.